துல்லியம் எந்த இடத்தில்?

அன்புள்ள சேர்,

திருகோணமலை பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் பெறுபேறு வரவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசல் வேலை பழகினேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான உபகரண வேலைத்தளத்தில் பயிலுநராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது. பழுதான ஆய்வுகூடக் கருவிகளைத் திருத்துவதும், ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்பதைச் செய்து கொடுப்பதும்தான் வேலையாம். "கம்பஸுக்குத்தான் போகிறாய், ஆனால் பட்டறைக்கு" என்று மாமா சிரிக்கிறார். வரைபடத்தைப் பார்த்துக் கடைந்து கொடுப்பதில் என்ன மூளை, அதையும் இப்போது கணினி செய்கிறது, மிச்சத்தை வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்பது அவருடைய கட்சி. நீங்கள் பௌதிகவியல் படிப்பித்தவர். என்ன சொல்கிறீர்கள்?

ந.

அன்புள்ள தம்பி,

வரைபடத்தைப் பார்த்து அப்படியே கடைந்து கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் மாமாவின் கட்சியில் நானும் சேர்ந்துவிடுவேன். அதைக் கணினி இயந்திரம் உங்களை விட ஒழுங்காகச் செய்யும், இடையில் தேநீருக்கும் எழும்பாது. ஆனால் பல்கலைக்கழக வேலைத்தளத்துக்கு ஒழுங்கான வரைபடம் வருவதே அபூர்வம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் கீறிக்கொண்டு வருவாள். வெற்றிட அறை, அதாவது காற்றைப் பம்பியால் உறிஞ்சி எடுக்கும் கலம், ஒன்றுக்கு மூடி வேண்டும் என்பாள். எல்லா அளவுகளையும் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்குச் சரியாகக் கேட்டிருப்பாள். துல்லியம் என்றால் எங்கும் நல்லது என்பது அவள் எண்ணம்.

அனுபவசாலி அந்தத் தாளை வாங்கியதும் "இது எதற்கு?" என்றுதான் கேட்பார். மூடியின் வெளிவிட்டம் அரை மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. இறப்பர் வளையம் உட்காரும் தவாளிப்பின் ஆழம் அப்படியல்ல. வளையம் தன் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காவது நசுங்கினால்தான் வெளிக்காற்று உள்ளே புகாது. அந்தத் தவாளிப்பின் அடியில் கடைசல் உளி விட்ட வட்டக் கோடுகள் இருந்தால் அவர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார், அவை வளையத்தோடு சேர்ந்தே ஓடுகின்றன. குறுக்கே நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தால் மூடியைத் திருப்பி எடுத்துக்கொள்வார். அந்தக் கோடு வெளியிலிருந்து உள்ளே காற்றுப் போகும் வழி.

திருகுகளையும் பார்ப்பார். வெற்றிடத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு துண்டில், அடி மூடிய துளைக்குள் திருகை இறுக்கினால் அடியில் கொஞ்சம் காற்றுச் சிறைப்படும். அது புரிவழியே மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பம்பி ஓடும், அமுக்கம் இறங்காது, மாணவி வெளிச்சுவரில் இல்லாத ஓட்டையை நாட்கணக்கில் தேடுவாள். தெரிந்தவர் அந்தத் திருகின் நடுவே நீளவாக்கில் மெல்லிய துளை ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்பார். கொப்பித் தாளில் அந்தத் துளை இருக்காது.

எந்த இடத்தில் நுணுக்கம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் மூளை. புதிதாக வருபவர்கள் எல்லா முகத்தையும் பளபளவென்று மினுக்குவார்கள். பார்க்க அழகுதான். நேரமும் உலோகமும் வீண்.

உயர்தரத்தில் நீங்கள் படித்த ஒரு வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அல்பா துணிக்கை ஹீலியத்தின் கரு. 1909 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரதர்போர்டும் ரொய்ட்ஸும் இதை நிறுவியது ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து. ரேடன் வாயுவை உள்ளே அடைக்க வேண்டும். அது வெளியேறக் கூடாது, ஆனால் அதிலிருந்து பாயும் அல்பா துணிக்கைகள் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும். வளிமண்டல அமுக்கத்தில் குழாய் நொறுங்கவும் கூடாது. ஒட்டோ பௌம்பாக் என்ற கண்ணாடி ஊதுபவர் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கை விட மெல்லிய சுவரோடு, எங்கும் ஒரே தடிப்பில், அதை ஊதிக் கொடுத்தார். சில நாட்களில் வெளிக்குழாயில் சேர்ந்த வாயுவின் நிறமாலையில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. சந்தேகம் தீர, ரேடனுக்குப் பதில் ஹீலியம் வாயுவையே மெல்லிய குழாயில் அடைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. ஆகவே முன்பு வந்தது கசிவல்ல, துணிக்கைகளே. சுவர் ஒரு இடத்தில் பழுதாக இருந்திருந்தால் இந்த வாதம் முழுவதும் சரிந்திருக்கும். அந்த மெல்லிய பகுதி ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளம்தான். அது ஒட்டியிருந்தது தடித்த சாதாரணக் குழாயில்.

ரதர்போர்ட் கட்டுரையிலேயே பௌம்பாக்கின் பெயரைச் சொல்லியிருக்கிறார். எங்கள் பாடப்புத்தகங்களுக்கு அந்தப் பெயர் வந்து சேரவில்லை.

வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்பதற்கு வருகிறேன். வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். நல்ல நுண்மானித் திருகுக் கணிச்சியை இங்கே செய்ய முயல்வது வீம்பு. ஆனால் வாங்கியது பழுதாகும். 2022 இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது உதிரிப்பாகத்துக்கு ஓடர் கொடுப்பது எப்படி இருந்தது என்று ஆய்வுகூடம் நடத்திய யாரையும் கேளுங்கள். அதோடு எங்கள் ஊர்க் காற்று. கோணேசபுரியில் இருக்கும் வளாகமோ, கடற்கரையோரப் பாடசாலையோ, வாடைக் காற்று கொண்டுவரும் உப்பு எந்தப் பெட்டிக்குள்ளும் புகும். அலுமினியச் சட்டத்தில் கறை பிடிக்காத உருக்குத் திருகு பூட்டிய கருவி குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் இருக்கும். இங்கே உப்பு ஈரம் பட்டதும் திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும், பிறகு திருகு கழலாது, தலைதான் முறியும். பூட்டும்போதே புரியில் கிறீஸ் வைக்க வேண்டும் என்பதை உப்புக்காற்றில் வேலை செய்தவர்தான் மறக்காமல் செய்வார்.

எங்கள் பாடசாலை நகரும் நுணுக்குக்காட்டி ஒன்றில் திருகு தேய்ந்து, குமிழைத் திருப்பிச் சுற்றினால் கால் சுற்று வரை குழாய் அசையாமல் இருந்தது. புதிது வாங்கச் சொன்னார்கள். திருத்த வந்தவர் திருகைத் தொடவே இல்லை. பித்தளை நட்டை நீளவாக்கில் அறுத்து, பக்கத்தில் சிறு இறுக்கும் திருகு ஒன்றைப் போட்டு, புரியோடு நெருக்கிவிட்டார். சுழல்வு கொஞ்சம் கடினமானது, ஆட்டம் போய்விட்டது.

மதிப்பைப் பற்றி மாமா இன்னும் பேசினால் இரண்டு செய்திகள் கைவசம் இருக்கட்டும். கண்ணாடி ஊதிய கைஸ்லருக்கு ஜேர்மனியின் பொன் (Bonn) நகரப் பல்கலைக்கழகம் 1868 இல் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. நெதர்லாந்தின் லைடனில் கமர்லிங் ஒன்னஸ் என்ற பௌதிகவியலாளர் 1901 இல் கருவி செய்வோருக்கென்றே ஒரு பாடசாலையை உருவாக்கினார். 1908 இல் ஹீலியத்தை முதன்முதல் திரவமாக்கியது அவருடைய ஆய்வுகூடம்தான். பாடசாலை இன்றும் நடக்கிறது.

சம்பளத்தில் மாமாவை வெல்ல முடியாது. தொழில்நுட்ப ஊழியர் தரத்தில் பதவி உயர்வுப் படிகள் குறைவு, ஏறுவதும் மெதுவாகத்தான். தேசிய தொழிற்தகைமையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வேலையில் இருந்துகொண்டே ஏற வழி பாருங்கள். வேலைத்தளத்தில் கண்ணாடி ஊதுபவர் ஒருவர் ஓய்வுக்குக் கிட்ட இருந்தால் கடைசல் இயந்திரத்தை விட்டு அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், அந்தக் கை அவரோடு போய்விடும். சுவாலையில் எழும் சோடியத்தின் மஞ்சளை மறைக்கும் கண்ணாடியை அணியாமல் மேசைக்குக் கிட்டப் போக வேண்டாம். பயிற்சி முடிந்ததும் எந்தத் தரத்தில், எந்தச் சம்பளத்தில் எடுப்பார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.