மெழுகுப் பாவையும் கணக்குப் புத்தகமும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டெம்ப்ளர் துறவி வீரர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், பிரெஞ்சு மன்னர் நான்காம் ஃபிலிப்பின் அமைச்சர் மரிக்னி பிற்பாடு சூனியப் பழியில் தூக்கிலிடப்பட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வழக்கறிஞர்களும் கணக்கர்களும் நிறைந்த அரசவை அது என்று சொல்வதும் நீங்கள்தான். அவர்களா பொம்மைச் சூனியத்தை நம்பினார்கள்? கஜானாவைச் சுரண்டியவர் மாட்டிக்கொண்டார், சூனியமெல்லாம் மேல்பூச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஒரே வரியில் கடந்தது என் பிழை. பெயரிலும் ஒரு பிழை. மரிக்னி அல்ல, மரிஞி. ஞகரம் கைவசம் இருந்தும் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்.

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. சுரண்டல் வழக்கு நிற்கவில்லை என்பதால்தான் சூனியம் வந்தது.

ஆங்கெரான் த மரிஞி நார்மண்டியின் சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்து, ஃபிலிப்பின் அந்தரங்க அதிகாரியாகி, கஜானா முழுவதையும் கைக்குள் கொண்டுவந்தவர். நாணய மதிப்பைக் குறைத்ததற்கும் வரிகளுக்கும் வசவு வாங்கியவர் அவர். 1314இல், வடக்கே இருந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியோடு நடக்கவிருந்த போருக்கென்று வரி கேட்டுவிட்டு, போரே நடக்காமல் சமாதானம் பேசித் திரும்பினார். எதிரியிடம் பணம் வாங்கிவிட்டார் என்று பிரபுக்கள் கொதித்தார்கள். தமக்கும் நிறையச் சேர்த்துக்கொண்டவர்தான். உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று ஃபிலிப் இறந்தார். பட்டத்துக்கு வந்த அவர் மகன் பத்தாம் லூயிக்கு வயது 25. அவரை ஆட்டுவித்தவர் சித்தப்பா சார்ல் த வலுவா. அரசனின் மகன், அரசனின் தம்பி, அரசனின் சித்தப்பா, பின்னாளில் ஓர் அரசனின் தந்தை. தான் மட்டும் எந்த நாட்டுக்கும் அரசனாகாதவர். அப்படிப்பட்டவருக்கு, சிறு பிரபு ஒருவன் தன் அண்ணனுக்கு வலக்கையாக இருந்ததை எப்படிப் பொறுக்க முடியும்?

1315 ஜனவரியில் கணக்குகளைத் தணிக்கை செய்தார்கள். குற்றமில்லை என்றே முடிந்தது. பணமெல்லாம் எங்கே போனது என்று வலுவா அவையில் கேட்டாராம். “பெரும்பங்கு உங்களுக்குத்தான் தந்தேன்” என்ற பொருளில் மரிஞி பதில் சொன்னதாக அக்கால வரலாற்றேடு கூறுகிறது. ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிக்கொண்டார்கள். இளவரசரிடம் பேசுகிற பேச்சா அது? மரிஞியின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிட்டது என்பேன்.

மார்ச்சில் கைது. வான்சேன் கோட்டையில் 41 குற்றச்சாட்டுகளைப் படித்தார்கள். பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பே தரவில்லை. அப்போதும் லூயி இளகினார். சைப்ரஸ் தீவுக்கு நாடுகடத்தினால் போதும் என்று நினைத்தார். வலுவாவுக்கு அது போதாது.

அப்போது கிடைத்தவைதான் மெழுகுப் பாவைகள். கணவரைக் காப்பாற்றுவதற்காக மரிஞியின் மனைவியும் அவர் சகோதரியும் ஒரு மந்திரவாதியைப் பிடித்து, அரசருக்கும் வலுவாவுக்கும் பாவை செய்வித்தார்களாம். பாவை உருக உருக, அதற்குரியவரின் உடம்பும் உருகிச் சாகுமாம். மந்திரவாதி சிறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டு செத்தார். பெண்கள் இருவரும் அடைக்கப்பட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி: நம்பினார்களா? வலுவா நம்பினாரோ இல்லையோ, லூயி நம்பினார். அது போதுமானதாக இருந்தது. கஜானாவில் ஓட்டை என்றால் லூயிக்குப் பணம்தான் போகும். பாவை என்றால் உயிரே போகும். கணக்குக்குப் பதில் கணக்கு காட்டலாம். என் மனைவி பாவை செய்யவில்லை என்பதற்கு எந்த ஏட்டைக் காட்டுவது? அரசர் மரிஞியைச் சித்தப்பா கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

படித்தவர்கள் எப்படி நம்பினார்கள் என்று வியக்கிறீர்கள். இந்த ஆயுதத்தைத் தீட்டியவர்களே அந்தப் படித்த வழக்கறிஞர்கள்தான். போப் எட்டாம் போனிஃபாஸ் குட்டிச்சாத்தான் வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டியவர்கள் அவர்கள். 1308இல், த்ருவா நகர ஆயர் கிஷார் மெழுகுப் பாவை செய்து அரசியைக் கொன்றார் என்று வழக்குப் போட்டார்கள். அந்த அரசி வேறு யாருமில்லை, லூயியின் தாய். பாவை கண்டு பயப்பட லூயிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று: 1310இல் பாரிஸில் 54 டெம்ப்ளர்களை எரிக்கத் தீர்ப்பளித்த சபையின் தலைவர், சான்ஸ் நகரப் பேராயர் ஃபிலிப் த மரிஞி. நம்மவரின் தம்பி. கட்டுரையில் இதை எப்படி விட்டேனோ தெரியவில்லை.

1315 ஏப்ரல் 30 அன்று மோன்ஃபோகோனில் தூக்கு. பாரிஸுக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்த கொலைக்களம் அது. தூக்கிலிட்டவர்களை இறக்க மாட்டார்கள். காற்றில் ஆடிக்கொண்டே கிடக்கவேண்டியதுதான். அரசரின் அமைச்சரும் அப்படித்தான் கிடந்தார். 1317இல்தான் உடல் அடக்கத்துக்குப் போனது. அதற்குள், 1316 ஜூனில், லூயியே இறந்துவிட்டார். தம் உயிலில் மரிஞியின் பிள்ளைகளுக்கு 10,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) எழுதிவைத்திருந்தார்.

வலுவாவுக்கு மனம் உறுத்த இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1325இல் பக்கவாதத்தில் கிடந்தபோது, பாரிஸின் ஏழைகளுக்குக் காசு கொடுத்தனுப்பினார். கொடுக்கும்போது சொல்லச் சொன்னது ஒன்றுதான்: ஆங்கெரான் பிரபுவுக்காகவும் சார்ல் பிரபுவுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். ஆங்கெரான் பெயரை முதலில் சொல்லவேண்டும் என்பதும் அவர் உத்தரவு.