ஸ்பிரே அடித்தும் குட்டிக் கரப்பான்கள் வருவது ஏன்?

வாராவாரம் ஸ்பிரே அடித்தும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குட்டிக் கரப்பான்கள் வருகின்றன, வீட்டில் தவழும் குழந்தை வேறு என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த ஸ்பிரேயை நிறுத்துங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். பெண் பூச்சி பழுப்பு நிற முட்டைப் பையை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும்; ஒரு பைக்குள் 30, 40 முட்டைகள். ஸ்பிரே அந்த உறையைத் தாண்டி உள்ளே போவதில்லை. தாய் செத்தாலும், பொரிக்கும் தறுவாயில் இருந்தவை பொரித்துவிடும்.

கரப்பான் தின்று சாகும்படி வைக்கும் ஜெல் மருந்து வாங்குங்கள். இரவில் விளக்கை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். என் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பில் மிளகுத்தூள் தூவியதுபோல எச்சம் கிடந்தது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பக்கத்தில், மோட்டார் ஓரம், அலமாரிக் கீல் இடுக்கு என்று குழந்தையின் கை எட்டாத இடமாகப் பார்த்து அரிசி அளவுப் பொட்டுகளாக வையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஜெல்லைத் தின்றது பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்னும் குஞ்சுகளும் சாகும். ஜெல்மேல் ஸ்பிரே பட்டால் ஒன்றும் கிட்டே வராது.

அப்புறம், படுக்கும் முன் ஸிங்க்கை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். பசியைத் தாங்கும் அளவுக்கு இவை தாகத்தைத் தாங்காது. இரண்டு வாரம் கழித்து, காய்ந்த பொட்டுகளை மாற்றி வையுங்கள்.