அமெரிக்காவில் அரசுக் கட்டுமானப் பணிகளுக்கான கூலிச் சட்டத்தை நீக்கினால் வரிப்பணம் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

சொல்லப்படும் அளவுக்கு மிச்சமாகாது. மிச்சிகனில் ஒரு மின்பணி சப்-கான்ட்ராக்ட் நிறுவனத்தில் சம்பளக் கணக்கும் டெண்டர் மதிப்பீடும் பார்க்கிறேன். இங்கே மாநிலச் சட்டம் இருந்ததையும், நீக்கப்பட்டதையும், திரும்ப வந்ததையும் மேசையில் வந்து விழும் கணக்குகள் வழியாகப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மத்திய அரசின் சட்டத்துக்குப் பெயர் டேவிஸ்-பேக்கன். 1931இல் வந்தது. அரசுப் பணத்தில் 2,000 டாலருக்கு மேல் கட்டுமான வேலை நடந்தால், அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூலியைத் தர வேண்டும், அதற்குக் குறையக் கூடாது. இதைத்தான் இங்கே 'பிரிவெய்லிங் வேஜ்' என்பார்கள். நியூயார்க் நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் பேக்கனின் தொகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை கட்டும் டெண்டரை அலபாமா கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்து, அங்கிருந்தே குறைந்த கூலிக்கு ஆட்களைக் கூட்டி வந்ததுதான் இதற்குத் தொடக்கம். அன்றைய விவாதத்தில் கறுப்பினத் தொழிலாளர்களை இழித்துப் பேசியவர்களும் இருந்தார்கள். சட்டத்தை எதிர்ப்பவர்கள் அதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது நடந்த உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் இன்று கறுப்பின எலக்ட்ரீஷியனுக்கும் இதே சட்டம்தான் குறைந்தபட்சக் கூலியைக் காக்கிறது என்பதும் உண்மை.

நீக்கும் முயற்சிகள் இரண்டு தளங்களில் நடக்கின்றன. வாஷிங்டனில் மசோதாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, நிறைவேறுவதில்லை. குடியரசுக் கட்சியிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து வாக்களிக்கிறார்கள். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு ஜார்ஜ் புஷ் பாதிக்கப்பட்ட பகுதிகளில் இந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தார். வீட்டை இழந்தவன் தன் ஊரைத் திரும்பக் கட்டும் வேலைக்குப் போனால் அவனுக்கே கூலி குறையும் என்ற நிலை. சொந்தக் கட்சியிலிருந்தும் எதிர்ப்பு வர, இரண்டே மாதத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

மாநிலப் பணத்தில் நடக்கும் வேலைகளுக்குப் பல மாநிலங்கள் இதே போன்ற சட்டத்தைத் தனியாக வைத்திருந்தன. அங்கே கதை வேறு. 1979இல் ஃப்ளோரிடா தன் சட்டத்தை நீக்கியது. பிறகு 2015இல் இண்டியானா, 2016இல் மேற்கு வர்ஜீனியா, 2017இல் கென்டக்கி, ஆர்கன்சா, விஸ்கான்சின் என்று வரிசையாக நீக்கினார்கள்.

மிச்சிகனில் 1965இல் இருந்து இருந்த சட்டத்தை 2018இல் நீக்கிய விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஸ்னைடரே நீக்கத்தை விரும்பவில்லை. தொழிற்பயிற்சிக்கு ஆட்களை இழுக்க அவர் எடுத்த முயற்சிகளை அது கெடுத்துவிடும் என்று நினைத்தார். அதனால் நீக்க விரும்பியவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். இந்த மாநில அரசியல் சாசனப்படி, வாக்காளர்களிடம் போதுமான கையெழுத்து வாங்கி ஒரு சட்டத்தை முன்வைக்கலாம். அதைச் சட்டமன்றம் 40 அமர்வு நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டால் ஆளுநர் தடுக்க முடியாது, பொது வாக்கெடுப்பும் கிடையாது. கீழவையில் 56க்கு 53 என்று நிறைவேறியது. மக்கள் கையெழுத்தில் வந்த சட்டம், மக்களின் வாக்குக்கு வராமலேயே முடிந்துவிட்டது. 2023இல் ஆளுநர் விட்மர் காலத்தில் கூலிச் சட்டம் திரும்ப வந்தது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கும் வந்தது.

சரி, மிச்சக் கணக்குக்கு வருவோம். ஒரு பள்ளிக்கூடம் கட்ட 1 கோடி டாலர் என்று வையுங்கள். கூலியும் அதோடு சேர்ந்த சலுகைகளும் இதில் ஏறக்குறைய கால் பங்கு, 25 லட்சம். மற்றதெல்லாம் கம்பி, கான்கிரீட், கேபிள், இயந்திர வாடகை, கான்ட்ராக்டரின் லாபம். பத்து சதவீதம் மிச்சம் என்றால் 10 லட்சம் டாலர். அதைக் கூலியிலிருந்தே எடுப்பதென்றால் ஒவ்வொருவர் கூலியிலும் 40 சதவீதம் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் கைத்தொழில் தெரிந்தவன் யார் வருவான்? இண்டியானாவில் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான எட் சாலிடே, சட்டத்தை நீக்கியும் ஒரு காசுகூட மிச்சமாகவில்லை என்று 2017இல் வெளிப்படையாகவே சொன்னார்.

சைட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசுப் பணம் வரும் வேலையில் ஒவ்வொரு வாரமும் யார், எந்த வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி, என்ன சலுகை என்று பட்டியல் போட்டு, உண்மை என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஒரே ஆள் திங்கட்கிழமை பள்ளியிலும் புதன்கிழமை தனியார் கடையிலும் வேலை செய்திருந்தால் மணிக்கணக்கைப் பிரிக்க வேண்டும். கூலிப் பட்டியலைத் தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். பதிவு பெற்ற பயிற்சித் திட்டத்தில் இருக்கும் அப்ரென்டிஸுக்கு மட்டும்தான் குறைந்த கூலி கொடுக்கலாம், மற்றவருக்கு முழுக்கூலி. இந்த ஒரு விதியால்தான் பல கான்ட்ராக்டர்கள் பையன்களை முறையாகப் பயிற்சியில் சேர்க்கிறார்கள்.

எங்களிடம் வேலைக்கு வந்த ஒருவர், முன்பு இருந்த இடத்தில் நாள் முழுக்க கான்ட்யூட் குழாய் வளைத்து ஒயர் இழுத்திருக்கிறார். சம்பளச் சீட்டில் அவர் 'ஹெல்பர்', அதாவது குறைந்த கூலிக்கான உதவியாள். மருத்துவக் காப்பீடும் இல்லை. மாநிலச் சட்டம் இல்லாத அந்த ஆண்டுகளில் அந்தச் சீட்டை யாரிடமும் காட்ட முடியவில்லை. மிச்சம் என்று சொல்கிறார்களே, அது இவருடைய பணம்தான். அதில் எவ்வளவு பள்ளி நிர்வாகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வட்டாரக் கூலியைக் கணக்கெடுக்கும் சர்வே பல இடங்களில் பழையது. சில பட்டியல்களில் நிஜ நிலவரத்தைவிடக் கூலி அதிகம், சிலவற்றில் மிகக் குறைவு. 2023இல் தொழிலாளர் துறை விதிகளைத் திருத்தியது. எந்த ஒரு கூலியையும் பாதிப்பேருக்கு மேல் பெறாத வட்டாரத்தில், குறைந்தது 30 சதவீதம் பேர் பெறும் கூலியை எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. சர்வேயை அடிக்கடி எடுங்கள், அதற்கு ஆட்களையும் பணத்தையும் ஒதுக்குங்கள் என்று யாராவது மசோதா கொண்டுவந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.