கிளுவை வேலியில் கருஞ்சிட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். பையனுக்கு ஒன்பது வயது, பாப்பாவுக்கு ஆறு. பறவைகளைக் காட்டலாம் என்று திருப்பூர் பக்கமுள்ள நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போனோம். தூரத்தில் மிதந்த வாத்துகளைச் சற்று நேரம் பார்த்தவர்கள், வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பைனாகுலர் இருந்திருந்தால் நின்றிருப்பார்களோ என்னவோ. கோடை விடுமுறை முழுக்கத் தோட்டத்தில்தான் இருக்கப்போகிறோம். எந்தப் பறவையில் தொடங்கலாம்? பறவைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

குளம் எங்கும் போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணெதிரே ஓடி, இரை பிடித்து, சண்டை போடும் பறவைதான் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டும். கருஞ்சிட்டு அப்படிப்பட்டது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. ஆள் நடமாட்டத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. கிளுவை என்னும் முட்செடியை நட்டு வளர்த்த உயிர்வேலியின் அடியிலும் கற்குவியலிலும் மாட்டுப்பட்டி ஓரத்திலும் தத்தித் திரியும். நின்றதும் வாலைச் செங்குத்தாகத் தூக்கும். வாலடியில் செம்பழுப்பு தெரியும். ஆண் மினுங்கும் கறுப்பு, சிறகை விரித்தால் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். பெண் மங்கிய பழுப்பு, வெள்ளை கிடையாது.

இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஆணையும் பெண்ணையும் இரண்டு வேறு பறவைகள் என்றே நினைப்பார்கள். நினைக்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி வாலைத் தூக்குகின்றன, இரண்டுக்கும் வாலடி சிவந்திருக்கிறது, இரண்டும் ஒரே கல்லில் வந்து அமர்கின்றன என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். “இரண்டும் ஜோடிதானே?” என்று ஒருநாள் ஓடிவந்து கேட்பார்கள். புத்தகம் அந்த மகிழ்ச்சியைப் பறித்துவிடும். இப்போதைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், காய்ந்து கிடக்கும் சாணியை ஒரு குச்சியால் பையனையே புரட்டச் சொல்லுங்கள். அடியில் கரையான் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, தள்ளிப்போய் வேப்பமர நிழலில் உட்காருங்கள். கருஞ்சிட்டு வந்து கொத்தும் வாய்ப்பு அதிகம். கரையான், எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, புழு என்று எது கிடைத்தாலும் தின்னும். எதைத் தின்றது, எப்படிப் பிடித்தது என்று பாப்பா சொல்லச் சொல்லப் பையன் எழுதட்டும்.

பங்குனி, சித்திரை அது கூடு கட்டும் காலம். சுவர்ப் பொந்து, கல்லிடுக்கு, மண்மேட்டுக் குழி எதுவும் அதற்குப் போதும். கூட்டுக்குள் மயிர் பரப்பும். சில கூடுகளில் பாம்புச் சட்டைத் துண்டும் இருக்கும். கேட்டதும் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். இங்கே மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கூட்டருகே போகவே கூடாது. நாம் அடிக்கடி போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். காக்கைக்கும் இடம் தெரிந்துவிடும். ஆணும் பெண்ணும் புழுவோடு எந்தப் பொந்துக்குள் மறைகின்றன என்பதைத் திண்ணையிலிருந்தே எண்ணலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் கிளுவை வேலி இருந்தால், அதைப் பிடுங்கிக் கம்பி வேலி போட எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். உதிரும் இலையும் அதில் வாழும் பூச்சியும் பறவை ஒளிய நிழலும் வேலியோடு சேர்ந்தே போய்விடும். காங்கேயம், மூலனூர் வட்டாரமெங்கும் இப்படி வேலிகள் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பைனாகுலருக்கு அவசரமில்லை. தை மாதம் வரை ஆர்வம் நிலைத்தால் 8×30 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 30 மி.மீ.) ஒன்று வாங்குங்கள். பிள்ளைகள் கழுத்துக்குப் பாரமாக இருக்காது. பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணிப் பதிய வேண்டும். உங்கள் தோட்டத்திலிருந்தே அதைச் செய்யலாம்.