பட்டறைப் பக்கம்: அஞ்சு பிட் போச்சு, ஓட்டை விழல

கேள்வி: பழைய இரும்புக் கடையில பெரிய ஹேக்சா பிளேடு ஒண்ணு கிடைச்சுது, மெஷின்ல மாட்டி அறுப்பாங்களே அது, ஒண்ணரை இஞ்ச் அகலம், 2 மில்லி கனம். பலாப்பழம் வெட்ட ஒரு கத்தி செய்யலாம்னு கிரைண்டர்ல வடிவம் அறுத்துட்டேன். இப்ப பிடிக்கு ரிவெட் அடிக்க 5 மில்லி ஓட்டை மூணு வேணும். வீட்டு டிரில்லிங் மெஷின்ல அஞ்சு பிட் மாத்தியாச்சு, அதுல ஒண்ணு தங்கக் கலர், விலை ஜாஸ்தி. பளபளன்னு ஒரு வட்டம் விழுந்ததோட சரி. மெஷின் சரியில்லையா பிட் சரியில்லையா?
- தாராபுரம் வாசகர்

பதில்: ரெண்டு மேலயும் தப்பு இல்லீங்க. உங்க பிட்டோட தண்டைக் கொஞ்சம் வெளிச்சத்துல பாருங்க, எச்.எஸ்.எஸ்-னு பொடி எழுத்துல அடிச்சிருக்கும். அந்தக் காலத்து முழுக் கனமான பவர் ஹேக்சா பிளேடும் பெரும்பாலும் அதே ஹைஸ்பீட் ஸ்டீல்தான். ரெண்டும் ராக்வெல் சி கணக்குல 62, 64-னு ஒரே கடினத்துல நிக்கும், அதாவது பிட்டை வெச்சு பிட்டோட கூடப்பொறந்தவனையே குடையப் பாத்திருக்கீங்க, அப்புறம் எப்படி இறங்கும். தங்கக் கலர் பிட்டும் உள்ளுக்குள்ள அதே சரக்கு, மேல சில மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, அவ்வளவுதான்.

எந்த இரும்பை எடுத்தாலும் முதல்ல ஓரத்துல ஒரு பழைய அரத்தை வெச்சு இழுத்துப் பாருங்க. கரகரன்னு கடிச்சு தூள் விழுந்தா சாதா பிட் போதும். கண்ணாடி மேல ஓடுற மாதிரி வழுக்கிட்டுப் போனா பிட்டை வெளியவே எடுக்காதீங்க, காசு மிச்சம். கையில அறுக்கிற சின்ன ஹேக்சா பிளேடுல வளையுற ரகம் இருக்கு பாருங்க, அதுல நிறைய பிளேடுக்குப் பல்லு மட்டும்தான் கடினம், முதுகு வழியா ஓட்டை போட்டா நல்லாவே போகும், வளைச்சா படக்னு உடையுற ரகம்தான் வம்பு.

சரி, கடினமா இருந்தா என்ன பண்றது, ரெண்டே வழிதான், ஒண்ணு அந்த இடத்தை இளக்கணும், இல்லன்னா அதை விட கடினமான ஒண்ணால குடையணும். லாரி கமான் பட்டை, பழைய அரம் மாதிரி சரக்கா இருந்தா இளக்குறது சுலபம், கரி அடுப்புல வெச்சு செக்கச்செவேல்னு ஆகி காந்தம் ஒட்டாம போற வரைக்கும் (770 டிகிரி பக்கம்) சூடு பண்ணி, காய்ஞ்ச சாம்பல்ல புதைச்சு ராத்திரி பூரா விட்டா காலையில சாதா பிட்டுக்கே வழி விடும். பகல் வெயில்ல பண்ணாதீங்க, சிவப்பு கண்ணுக்கே தெரியாது. மொத்தமும் இளகிடும்கிறதால கத்தின்னா வேலை முடிஞ்சதும் திரும்ப சூடு பண்ணி எண்ணெயில முக்கி துவைச்சல் ஏத்தணும், அதாவது திரும்ப கடினமாக்கணும், அதையும் மறந்துடாதீங்க.

ஆனா இந்த வைத்தியம் உங்க பிளேடுக்கு ஆகாது. ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு அந்தப் பேரே, வேகமா அறுத்து சிவக்கச் சிவக்கச் சூடானாலும் கடினம் விடாதுங்கிறதாலதான். ரொம்ப சூடு பண்ணிட்டா காத்துல ஆறும்போதே திரும்ப கடினமாயிடும், முறையா இளக்கணும்னா உலையில வெச்சு மணிக்கு பத்து இருபது டிகிரின்னு இறக்கணும், சாம்பலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இது தெரியாம நானும் ஒரு துண்டை ராத்திரி பூரா புதைச்சு வெச்சு காலையில ஆசையா அரத்தை வெச்சா வழுக்கிட்டுப் போச்சு, வீட்ல அடுப்புக் கரியைக் காலி பண்ணதுக்கு வாங்கின திட்டுதான் மிச்சம்.

அதனால உங்களுக்கு ரெண்டாவது வழி. லேத் பட்டறையில 'விடியா'ன்னு சொல்லுவாங்க, டங்ஸ்டன் கார்பைடு. 1920-கள்ல ஜெர்மனியில க்ரூப் கம்பெனி வெச்ச பேரு, வைரம் மாதிரின்னு அர்த்தம் வர்ற ஜெர்மன் சொல்லைச் சுருக்கினது, நம்ம ஆளுங்க அதையே பொதுப்பேரா ஆக்கிட்டாங்க. இதுக்கு எங்கயும் தேடி அலைய வேணாம், ஹார்டுவேர் கடையில கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஓட்டை போட ஈட்டி முனை மாதிரி பிட் விக்கும், அதுல 5 மில்லி ஒண்ணு வாங்குங்க, கூடுதலா இன்னொண்ணும் வாங்கி வெச்சுக்கங்க. செவுத்து பிட்டு நுனியும் விடியாதான், ஆனா அது இடிச்சு நொறுக்குறதுக்கு மொண்ணையா வெச்சது, டைமண்ட் அரத்துலயோ விடியா தீட்டுறதுக்குன்னே இருக்கிற பச்சை நிற சாணைக் கல்லுலயோ கூர் தீட்டினாத்தான் இரும்பைக் கடிக்கும், சாதா சாணைக் கல்லு அதுக்கு மேல வெறுமனே ஓடும்.

சுத்தியல் மோடு இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, விடியா கடினம்தான் ஆனா அடி தாங்காது, உதிர்ந்துடும். பிளேடு மேல சென்டர் பஞ்சும் அடிக்காதீங்க, ஒண்ணு பஞ்ச் மழுங்கும் இல்ல பிளேடு சில்லு தெறிக்கும், பிட்டு நகராம இருக்க டேப் ஒட்டி அதுல குறி போட்டு மெதுவா ஆரம்பிங்க. அடியில கட்டையை வெச்சு சி கிளாம்ப்ல இறுக்கணும், கையில பிடிச்சா பிட்டு மாட்டும்போது அந்தப் பிளேடு ஃபேன் றெக்கை மாதிரி சுத்தி கையை வாங்கிடும். கண்ணாடி போடுங்க, கிளவுஸ் வேணாம், பிட்டு சுருட்டிடும். மெஷினை நேரா பிடிச்சு நடு வேகத்துல விடாம ஒரே அமுக்கா கொடுத்தீங்கன்னா முதல்ல கிறீச்னு பல்லு கூசுற மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க, அடுத்து கருப்பா நைஸா மாவு மாதிரி தூள் குவிய ஆரம்பிச்சா பிட்டு கடிக்குதுன்னு அர்த்தம். சத்தம் மட்டும் வந்து தூள் வரலன்னா அமுக்கு பத்தல. பிட்டு சூடாச்சுன்னு தண்ணியில முக்கிடாதீங்க, விடியா விரிசல் விட்டுடும். மறுபக்கம் லேசா புடைச்சு தெரியுற நேரம்தான் ஆபத்து, அங்க கையைத் தளர்த்தி விடுங்க, இல்ல பிளேடைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துல இருந்து முடிங்க.

இன்னொண்ணு, ஓட்டையே வேணுமான்னும் யோசிங்க. பிடிக்குள்ள போற பாகத்தோட ரெண்டு ஓரத்துலயும் கிரைண்டர்ல அரை வட்டமா வெட்டு போட்டா ரிவெட் அந்த வெட்டுல உக்காந்துக்கும், எபாக்ஸி தடவி மரத்தை இறுக்கிட்டா அசையாது. நானா இருந்தா இதைத்தான் பண்ணுவேன்.

கேள்வி: எவர்சில்வர் சிங்க்ல குழாய்க்கு ஓட்டை போட்டப்ப கொஞ்ச தூரம் இறங்கி அப்படியே நின்னுடுச்சு, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் புகைதான் வருது.
- ஆவடி வாசகி

பதில்: அது பொறக்கும்போது கடினம் இல்லைங்க, நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு கடினமாக்கிட்டீங்க. 304 எவர்சில்வரோட குணமே அது, வெட்டாம உரசினா மேல்தோல் இறுகிடும். வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு 2500 சுத்துக்கு மேல ஓடும், 6 மில்லி பிட்டுக்கு இங்க 500, 600 போதும், அதனால டிரிக்கரை லேசா அமுக்கி, மெஷினை நல்லா அழுத்தி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சுருள் சுருளா வர்ற மாதிரி ஓட்டுங்க. இப்ப இறுகின இடத்துக்குப் புதுசா ஒரு கோபால்ட் பிட், எம்35-னு கேளுங்க, முடிஞ்சா சிங்குக்கு அடியில இருந்து குடையுங்க. 6 மில்லி வந்துட்டா மிச்சத்தை ஸ்டெப் பிட்டு, படிப்படியா அகலமாகுற கூம்பு மாதிரி பிட்டு, பாத்துக்கும்.

கேள்வி: பித்தளை விளக்குல ஓட்டை போடும்போது 2 மில்லி பிட் உள்ளயே உடைஞ்சு மாட்டிக்கிச்சு, எடுக்க வழி உண்டா?
- வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: குடையவே வேணாம். நாட்டு மருந்துக் கடையில படிகாரம் வாங்கி வெந்நீர்ல கரையுற அளவுக்குக் கரைச்சு, கண்ணாடி இல்ல பீங்கான் பாத்திரத்துல ஊத்தி, அந்த பாகம் முங்குற மாதிரி போட்டு சூடாவே வெச்சிருங்க. படிகாரத் தண்ணி இரும்பைத் தின்னும், பித்தளையைப் பெருசா ஒண்ணும் பண்ணாது, பிட்டைச் சுத்தி பொடிப்பொடியா குமிழி கிளம்புறதைக் கண்ணாலயே பாக்கலாம். விளக்கோட இரும்புத் திருகு ஏதாவது இருந்தா முதல்லயே கழட்டிடுங்க, அதையும் சேர்த்துத் தின்னுடும். எச்.எஸ்.எஸ் பிட்டுன்னா ஒரு நாள்ல முடியாது, தண்ணி மாத்தி மாத்தி ரெண்டு மூணு நாள் கூட ஆகலாம், பித்தளை நிறம் மங்கும், புளி போட்டு விளக்கிக்கங்க.