ஆறு ஆடு கட்டணம்

கேள்வி: பாவ்லோ கொயலோவின் ‘ரசவாதி’ நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். மனதார ஒன்றை விரும்பினால் பிரபஞ்சமே கூடி நின்று அதை நடத்தித் தரும் என்று அதில் வருவது என்னைத் தூங்க விடவில்லை. தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். அதை உதறிவிட்டு என் வாழ்வின் இலட்சியத்தைத் தேடிக் கிளம்பிவிடலாமா? வீட்டில் ‘உனக்கென்ன பைத்தியமா’ என்கிறார்கள். நீங்களாவது தைரியம் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தைரியம் அப்புறம் சொல்கிறேன். முதலில் நாவலில் அந்த வாக்கைச் சொல்வது யார் என்று பாருங்கள். ஸ்பெயினின் தரிஃபா ஊர்ச் சதுக்கத்தில் வந்து உட்காரும் சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு. அவர் தர்மத்துக்கு ஆலோசனை சொல்பவர் அல்ல. கதாநாயகன் சந்தியாகோ ஆடு மேய்க்கும் பையன், எகிப்தில் பிரமிடு அருகே புதையல் இருப்பதாகக் கனவு கண்டவன். அந்தப் புதையலுக்கு வழி காட்ட அவன் மந்தையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு ஆடு, கட்டணமாக வாங்கிக்கொள்கிறார். மிச்ச ஆடுகளை விற்ற பணத்தோடு சந்தியாகோ கடல் தாண்டி மொராக்கோவின் தாஞ்சியரில் இறங்குகிறான். ஸ்பானிஷ் பேசிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்ட ஒருவன், முதல் நாளே மொத்தப் பணத்தையும் அடித்துக்கொண்டு போகிறான். பிரபஞ்சத்துக்கு அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

அடுத்து என்ன நடக்கிறது? மூன்று முறை படித்தவர் நீங்கள், ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேட்டுத் தெருவில் ஈயோட்டிக்கொண்டிருக்கும் ஒரு படிகக் கண்ணாடிக் கடை. பசியோடு உள்ளே போன பையன், ‘சாப்பாடு போட்டால் இந்தப் பாத்திரங்களைத் துடைத்துத் தருகிறேன்’ என்கிறான். தன் மேல்சட்டையாலேயே தூசி தட்டுகிறான். ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேதான் வேலை. கடைக்கு வெளியே ஒரு காட்சிப் பெட்டி வைக்கச் சொல்கிறான். மேடேறி வருகிறவர்கள் களைத்துப் போகிறார்கள் என்று கவனித்து, படிகக் கோப்பையில் தேநீர் கொடுக்கலாம் என்கிறான். தேநீர் குடிக்க வந்தவர்கள் கோப்பையையும் வாங்கிப் போகிறார்கள். கிளம்பும்போது நூற்றிருபது ஆடு வாங்கும் அளவுக்குக் கையில் காசு. அறுபது ஆட்டுக்காரன் இரண்டு மடங்காகியிருக்கிறான். ராஜாவோ சகுனமோ கொடுத்த பணமில்லை இது, சம்பளமும் கமிஷனும். நாவலிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பாலைவனத்தில் காற்றோடும் சூரியனோடும் பேசும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடை முதலாளியை எல்லோரும் கோழை என்று ஒதுக்குகிறார்கள். மெக்கா போக வேண்டும் என்பது அவர் ஆசை. போய்விட்டு வந்தால் பிறகு எதற்காக உயிர் வாழ்வது என்று பயந்து, போகாமலே இருக்கிறார். எனக்கென்னவோ புத்தகத்தில் ரத்தமும் சதையுமாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று படுகிறது.

இன்னொன்று, நீங்கள் பெண் என்பதால் கேட்கிறேன். எகிப்தின் அல்-ஃபாயும் பாலைச்சோலைக் கிணற்றடியில் வருகிறாளே சந்தியாகோவின் காதலி பாத்திமா, அவளுடைய இலட்சியம் என்ன? காத்திருப்பது. ஆண் உலகம் சுற்றிப் புதையல் தேடுவான். அவள் குடத்தோடு நின்று அடிவானத்தைப் பார்ப்பாள். பிரபஞ்சம் கூடி நிற்பதெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா என்று மூன்று வாசிப்பில் ஒருமுறைகூடக் கோபம் வரவில்லையா?

கதையின் முடிச்சு கொயலோ கண்டுபிடித்ததும் இல்லை. ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறது. சொத்தெல்லாம் இழந்த பாக்தாத்காரன் ஒருவன் கனவை நம்பிக் கெய்ரோ போவான். அங்கே திருடன் என்று பிடித்து உதைப்பார்கள். உதைத்த அதிகாரி சிரித்துக்கொண்டே, ‘எனக்கும்தான் பாக்தாதில் ஒரு வீட்டில் புதையல் இருப்பதாகக் கனவு வந்தது, நான் போனேனா?’ என்று அடையாளம் சொல்வான். அது இவன் வீடு! பாரசீகக் கவி ரூமியின் மஸ்னவி என்ற காவியத்திலும் இதே கதை வருகிறது. பிரமிடு அடியில் உதை வாங்கிய சந்தியாகோவுக்கும் புதையல் எங்கே கிடைத்தது? புறப்படுவதற்கு முன்னால் ஆடுகளோடு படுத்துறங்கிய இடிந்த தேவாலயத்தில். நல்ல நாட்டுப்புறக் கதை. சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கேட்க வேண்டியது. அதை வைத்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது.

எழுதியவர் கதையையும் பாருங்கள். கொயலோ எழுபதுகளில் ராவுல் சேஷாஸ் என்ற பிரேசில் ராக் பாடகரோடு சேர்ந்து பாட்டெழுதிக் கை நிறையச் சம்பாதித்தவர். ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்ற புனிதத் தலத்துக்கு அவர் பாத யாத்திரை போனது 1986-ல், நாற்பதை நெருங்கும் வயதில். 1988-ல் ‘ரசவாதி’ வந்தபோது முதல் பதிப்பாளர் 900 பிரதி அச்சிட்டதோடு கைகழுவிவிட்டார். வேறு பதிப்பாளரைத் தேடிப் பிடித்தவர் கொயலோதான், பிரபஞ்சம் அல்ல.

தேடல் நாவல்தான் வேண்டுமென்றால் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ படியுங்கள். 1922-ல் வந்தது, திருலோக சீதாராம் தமிழில் தந்திருக்கிறார். அவனும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன்தான். சந்நியாசியாகிறான், காமசுவாமி என்ற வணிகரிடம் கணக்கு வழக்குப் பார்க்கிறான், சூதாடுகிறான், தன்னையே வெறுத்து ஆற்றில் விழப் போகிறான், கடைசியில் ஓடக்காரனாகிறான். பெற்ற மகனே அவனை விட்டு ஓடிப்போகிறான். எந்தச் சகுனமும் குறுக்கே வந்து காப்பாற்றுவதில்லை. படித்து முடித்ததும் வேலையை விடத் தோன்றாது. வேலையிலேயே இருக்கவும் தோன்றாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டார் சொல்வதை நான் ஆமோதிக்கவில்லை. வங்கி வேலையை விட்டவர்கள் எல்லோரும் பைத்தியமும் இல்லை. ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் எதைத் தேடிப் போகப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதவில்லையே! ஆடு மேய்த்த பையனுக்குக்கூட எகிப்து, பிரமிடு என்று ஒரு விலாசம் இருந்தது. உங்களுடையதை எழுதி அனுப்புங்கள். கூடவே, எத்தனை மாதச் சம்பளம் சேமிப்பில் இருக்கிறது என்பதையும்.