கொடைக்கானல் குளிரில் பெப்பரோமியா

கேள்வி: மதுரையில் வாங்கிய, தடித்த வட்ட இலைகளுடைய பெப்பரோமியா செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வரவேற்பறை ஜன்னலோரம் வைத்து, நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வருகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து இலைகள் தொய்ந்து உதிர்கின்றன. உரம் போதவில்லையா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: உரக்குறை என்று தோன்றவில்லை; குளிர்ந்த மண்ணில் தேங்கிய ஈரத்தால் வேர் அழுகியிருக்கவே வாய்ப்பு அதிகம். இலை தொய்ந்தால் தாகம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாதபோதும் இலை அப்படியே தொய்யும். செடியை மண்ணோடு சாய்த்தெடுத்து, தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். பழுப்பேறிக் கொழகொழவென்று நசுங்கினால் அது அழுகல்தான்.

பெப்பரோமியா நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் ஒரே குடும்பத்து உறவு. எலிவால் போல நீளும் அதன் பூக்கதிரை உற்றுப் பார்த்தால், தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்து நிழல்மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியின் சரம் நினைவுக்கு வரும். அந்த மிளகு கீழ்ப்பழனி மலையோடு நின்றுவிடுகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் ஊர்க் குளிர் அதற்கு ஒத்துவராது. மெக்சிகோ, கரீபியன் பகுதிகளின் வெப்பத்துக்குப் பழகிய உங்கள் செடியும் 18 முதல் 24 டிகிரி வரை செழிக்கும், 10 டிகிரிக்குக் கீழே வாடும். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகள் மட்டும் ஒரே இரவில் கறுத்து, ஈரத்துணி போலத் துவண்டதை நான் குன்னூரில் கண்டிருக்கிறேன். ஆகவே பகலில் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். இரவில் அறையின் நடுவே வைத்துவிடுங்கள்.

இதே பேரினத்தில், குளிர் தாங்கும் வேறு சில செடிகள் நம் சோலைக்காடுகளிலேயே உண்டு. பாசி படர்ந்த மரக்கிளையில், மெல்லிய மட்கில் வேரூன்றி, மழை நின்றதும் அந்த மட்கு காற்றாடிவிட, இலையில் சேர்த்த நீரைக்கொண்டு அவை காலம் தள்ளும். வீட்டுச் செடியின் வேரும் சிறியதுதான். பெரிய தொட்டி அதற்கு நன்மை செய்வதில்லை. அழுகலுக்கு மேலே, உறுதியான தண்டை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, தேங்காய் நார்க்கழிவும் மணலும் கரித்துண்டும் கலந்த 4 அங்குலத் தொட்டியில் நடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே, குளிர் நீங்கிய தண்ணீரை ஊற்றுங்கள். உரத்தை மார்ச் வரை மறந்துவிடலாம்.

கேள்வி: வெண்ணெய் நிற ஓரமுள்ள பெப்பரோமியாவின் இலையை நட்டேன், முளைத்த கன்று முழுப் பச்சையாக இருக்கிறதே?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இலையிலிருந்து புதிதாக எழும் குருத்து பெரும்பாலும் பச்சைத் திசுவிலிருந்தே உருவாவதால் அந்த ஓரம் வருவதில்லை. கணுவும் மொட்டும் உள்ள தண்டுத் துண்டை நட்டால் தாய்ச்செடியின் நிறம் நிலைக்கும்.